கொட்டாஞ்சேனைப் பள்ளியறையும் பிரெஞ்சு மொழியும்

இலங்கையிற் சிறுபராயத்தினரின் கல்வி எம்மொழியிலே தொடங்குதல் வேண்டும் என்னும் வினா ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விவாதத்திற் பங்குகொண்ட மொழிகள் மூன்றே: ஆங்கிலம், சிங்களம், தமிழ். பிரெஞ்சின் பெயர் அங்கு எழுந்ததில்லை. இது வியப்பிற்குரிய செய்தியன்று எனப் பலர் கருதக்கூடும். பிரெஞ்சுக்காரர் இந்நாட்டை ஆண்டவரல்லர். 1672இல் தெ லா ஏயின் கப்பல்களும் 1782இற் சுஃப்ரனின் கப்பல்களும் திருகோணமலைக்கு வந்து சென்றமையன்றி, பிரெஞ்சு அரசுக்கு இங்கு நிலைத்த இடம் இருந்ததில்லை. எனினும் கொழும்பின் வடபாகத்தை அறிந்தோர்க்கு இவ்விடை போதாது. 1883 முதல் 1947 வரை கொழும்புக் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தலைமை தாங்கிய பொன்ஜீன், மெலிசான், கூடேர், மார்க், மசோன் ஆகிய ஐவரும் பிரெஞ்சுக்காரர். அவர்களுடைய பேராலயம் கொட்டாஞ்சேனையில் உள்ள புனித லூசியாள் ஆலயம். அப்பேராலயத்தைச் சூழ அமைந்த பாடசாலைகளோ பிரான்சிலே தோன்றிய துறவற சபைகளினால் வளர்க்கப்பட்டவை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சுக் குருமாரும் கன்னியரும் நடமாடிய இத்தெருக்களில், ஒரு குழந்தையேனும் தன் முதற்பாடத்தைப் பிரெஞ்சில் ஓதவேண்டும் என்னும் நிலை தோன்றவில்லை. ஏன்?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு அச்சபைகளின் தோற்றுவாயை முதலில் நோக்குதல் வேண்டும். கொட்டாஞ்சேனையில், 1865ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியை ஏற்று வளர்த்தவர்கள் தெ லா சால் சகோதரர்கள். இச்சபையை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரேம்ஸ் நகரில் நிறுவிய ழான் பப்திஸ்த் தெ லா சால் என்பார் கல்வி வரலாற்றிற் பெற்றுள்ள இடம் பெரிது. அவர் காலத்துப் பிரான்சிலே பிள்ளைகள் முதன்முதல் வாசிக்கக் கற்றது இலத்தீன் மொழியையே. பிரெஞ்சு எழுத்து அதன் பின்னரே வந்தது. பாமரரின் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலம் மிகக் குறுகியது. இலத்தீன் எழுத்துகளைக் கூட்டத் தெரியும் நிலையை எட்டுமுன் அவர்கள் தந்தையின் தொழிலுக்குச் சென்றுவிடுவர். கற்ற சிறிதும் மறந்துபோகும். ஆகவே பிள்ளை வீட்டிற் கேட்டுப் பேசும் பிரெஞ்சிலேயே வாசிப்புத் தொடங்குதல் வேண்டும் என தெ லா சால் வற்புறுத்தினார். ஆயர்கள் சிலர் இதனை ஐயத்தோடு நோக்கியபோதும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. தாய்மொழியிலே எழுத்தறிவு என்னும் கொள்கையை ஒரு பெரும் பள்ளி அமைப்பின் அடிப்படையாக்கியவர்களுள் அவர் முன்னோடி எனலாம்.

அமல மரித் தியாகிகள் சபையின் வரலாறும் இதனோடு ஒத்தது. அதனை 1816இல் தென்பிரான்சின் எக்ஸ் நகரில் நிறுவிய எசேன் தெ மசனோ உயர்குடிப் பிறப்பினர். பிரெஞ்சு மொழியில் வளர்ந்தவர். எனினும் 1813ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஏவலாளருக்கும் கைவினைஞருக்கும் அவர் பிரசங்கம் செய்தது புரொவென்சால் மொழியில். அப்பிரதேசத்து எளிய மக்களின் பேச்சுமொழி அதுவே. உயர்ந்தோர் அதனைச் 'சிதைந்த வழக்கு' என இகழ்ந்தனர். தேவாலய மேடையில் அம்மொழியைக் கேட்ட நகரத்துச் செல்வர் முகஞ்சுளித்தனர் என்பர். இச்சபையின் முதற் குழுவினர் 1847 நவம்பரிற் காலித் துறைமுகத்தில் இறங்கினர். யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய சபை, 1883இற் கொழும்பின் பொறுப்பையும் ஏற்றது.

ஆக, கொட்டாஞ்சேனையிற் கல்விப்பணி புரிந்த இரு பெருஞ் சபைகளும் தத்தம் தோற்றத்தில் மக்கள் மொழியின் பக்கம் நின்றவை. அச்சபையினர் இங்கு தம் தாய்மொழியாகிய பிரெஞ்சைக் குழந்தைகள்மீது சுமத்தவில்லை என்பது அவ்வகையிற் பொருத்தமே. ஆனால் அவர்கள் கற்பித்தது குழந்தைகளின் தாய்மொழியிலா எனின், அங்கேதான் வரலாறு இரு கிளையாகப் பிரிகின்றது. ஆலயத்தை அண்டிய சிறு பள்ளிகளிற் பாடம் தமிழிலோ சிங்களத்திலோ நடந்தது. கல்லூரி எனப் பெயர் பெற்றவற்றில் ஆங்கிலமே போதனாமொழி. முன்னையவற்றிற் கட்டணம் இல்லை. பின்னையவற்றில் உண்டு.

இப்பிரிவினைக்குக் காரணம் மிஷனரிகளின் மனப்பாங்கு மட்டுமன்று. 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின், அரசாங்க உத்தியோகத்திற்கு ஆங்கிலம் இன்றியமையாததாயிற்று. 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. பரிசோதகர் வந்து பிள்ளைகளின் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் சோதிப்பார். தேறியோரின் தொகைக்கேற்ப நன்கொடை கிடைக்கும். இந்த முறைக்கு வழிகோலியவர்களுள் ஒருவர் பொன்ஜீன் ஆண்டகை என்பது மனங்கொள்ளத்தக்கது. பிரான்சின் ரியோம் நகரிற் பிறந்து, முதலில் தமிழ்நாட்டிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றித் தமிழ் அறிந்த அவர், சமயப் பிரிவினர் தத்தம் பாடசாலைகளை அரச உதவியோடு நடத்தும் உரிமை வேண்டுமென 1860களில் வாதிட்டார். அவ்வாதத்தை அவர் எழுதி வெளியிட்டது ஆங்கிலத்தில். ஆள்வோருடன் பேச வேண்டிய மொழி எதுவென அவர் நன்கறிந்திருந்தார். தம் பாடசாலைகளுக்கு அயர்லாந்திலிருந்து குருமார் தேவைப்பட்டமையும் இதனாலேயே. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியின் பெயரே, பிரெஞ்சுச் சபையொன்று அயர்லாந்தவரின் ஆங்கிலத்தை எவ்வளவு வேண்டிநின்றது என்பதைக் காட்டுகின்றது.

1880இற் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. இப்பரீட்சைகளில் இலத்தீனும் பிரெஞ்சும் பாடங்களாக இடம்பெற்றிருந்தன. இவ்வழியாகவே பிரெஞ்சு கொழும்புப் பாடசாலைகளுள் நுழைந்தது. ஆனால் அது நுழைந்தது மேல்வகுப்புகளில். அதுவும் ஆங்கிலத்தின் வழியாக. கேம்பிரிட்ஜ் வினாத்தாளிலுள்ள பிரெஞ்சுப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பயிற்சியே பிரெஞ்சுக் கல்வி எனப்பட்டது. கன்னியர் மடப் பாடசாலைகளில் அது பியானோவோடும் பூத்தையலோடும் ஒருங்கு வைத்து எண்ணப்படும் ஓர் அணிகலனாயிற்று. கொட்டாஞ்சேனையில் 1869இல் தொடங்கிய நல்லாயன் கன்னியர் மடம் பிரான்சின் ஆஞ்சே நகரைத் தாயகமாகக் கொண்ட சபையினது. பம்பலப்பிட்டித் திருக்குடும்பக் கன்னியர் மடத்தின் சபை போர்தோ நகரிற் பிறந்தது. இவற்றின் அதிபர்கள் தம்முள் பிரெஞ்சிலே பேசிக்கொண்டு, வகுப்பறையில் ஆங்கிலத்திலே பாடஞ் சொல்லி, சமையலறையிலே தமிழிலும் சிங்களத்திலும் ஏவல் செய்திருப்பர் எனக் கொள்வதிற் பிழையில்லை. நான்கு மொழிகளுக்கு மூன்று அறைகள்.

இனி, ஆட்சியாளர் பிரித்தானியர் என்பதால் ஆங்கிலம் வென்றது எனக் கூறி அமைந்துவிடலாமா? அது பாதி உண்மை மட்டுமே. இதே தெ லா சால் சகோதரர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலும் பாடசாலை நடத்தினர். 1882இலிருந்து எகிப்தும் பிரித்தானியப் படைகளின் பிடியிலே இருந்தது. அங்கு சகோதரர்களின் பள்ளிகள் தொடக்க வகுப்பிலிருந்தே பிரெஞ்சிலேயே நடந்தன. யூதரும் கிரேக்கரும் முஸ்லிம்களும் பிள்ளைகளை அவற்றுக்கு அனுப்பினர். ஏனெனில் அந்நகரின் வணிகத்திலும் நீதிமன்றுகளிலும் பிரெஞ்சு வழங்கியது. மொரிசியஸ் தீவின் கதையும் இத்தகையதே. 1810இற் பிரித்தானியர் அதனைக் கைப்பற்றியபோது தீவினரின் மொழியையும் வழக்கங்களையும் பேணுவதாக உடன்படிக்கை செய்தனர். தோட்ட முதலாளிகள் பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தனர். அங்கு குடியேறிய தமிழரின் பிள்ளைகள் இன்றும் முதலாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தோடு பிரெஞ்சையும் கற்கின்றனர். விரும்புவோருக்குத் தமிழ் மூன்றாவதாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே குழந்தையின் முதற்பாடத்து மொழியைத் தீர்மானிப்பது ஆட்சியாளரின் கொடியோ ஆசிரியரின் தாய்மொழியோ அன்று. பிள்ளை வளர்ந்தபின் அதற்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதே. கொழும்புத் துறைமுகத்திலும் கச்சேரியிலும் வங்கிகளிலும் பிரெஞ்சுக்குக் கூலி கொடுப்பார் ஒருவருமிலர்.

இக்கூற்றின் மறுபக்கத்தைப் பாக்கு நீரிணைக்கு அப்பால், புதுச்சேரியிற் காணலாம். அங்கு பிரெஞ்சுக்குக் கூலி இருந்தது. 1826இல் நிறுவப்பட்ட அரச கல்லூரி, பின்னர் குடியேற்ற நாட்டுக் கல்லூரியாகி, இன்று பிரெஞ்சு லீசே என்னும் பெயரில் நிலைத்துள்ளது. 1881 செப்டம்பர் ஆணையின்படி, தமது மரபுவழித் தனியாள் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்றோர் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைச் சூடினர். அவர்களிற் பலரின் பிள்ளைகள் சைகோனுக்குச் சென்று எழுதுவினைஞராயும் காவலராயும் படைவீரராயும் பணி புரிந்தனர். புதுச்சேரியிற் பிரெஞ்சுப் பாடநூலைக் கையிலெடுத்த சிறுவனின் கண்முன் நின்றது பாரிஸ் அன்று, சைகோன் ஆகும். எனினும் புதுச்சேரி ஆட்சியிலும் தொடக்கப் பள்ளிகளிலே தமிழ் அடியோடு விலக்கப்படவில்லை. 1909 முதல் 1946 வரை அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணிபுரிந்த கனகசுப்புரத்தினம் என்பாரைத் தமிழுலகம் பாரதிதாசன் என்னும் பெயரால் அறியும். பிரெஞ்சு அரசின் சம்பளத்திலே தமிழ் அரிச்சுவடி கற்பித்த ஒருவர் தமிழியக்கத்தின் முதன்மைக் கவிஞராயினார். கொழும்பில் ஆங்கிலக் கல்லூரியொன்றின் கீழ்வகுப்பில் அத்தகைய தமிழாசிரியருக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என எண்ணிப்பார்த்தல் தகும்.

பிரான்சின் நடுவே நடந்ததனையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். ஏனெனில் பிரெஞ்சு மொழியைச் சிறுவர்க்குக் கற்பித்தல் என்பது முதன்முதலிற் பிரெஞ்சு நாட்டிலேயே ஒரு பிரச்சினையாயிருந்தது. 1881, 1882ஆம் ஆண்டுகளில் ழூல் ஃபெரியின் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பற்றதாகவும் ஆக்கின. பிரெத்தோன், பாஸ்க், புரொவென்சால் முதலிய மொழிகளை வீட்டிற் பேசிய குழந்தைகள் பள்ளியிற் பிரெஞ்சன்றி வேறொன்றும் கேட்கவில்லை. பிரெத்தாஞ் மாநிலத்தில், தாய்மொழியில் வாய்திறந்த பிள்ளையின் கழுத்திலே ஒரு மரத்துண்டையோ பழஞ்செருப்பையோ தொங்கவிடும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. தாய்மொழி பேசும் மற்றொரு பிள்ளையைக் கண்டுபிடித்தால் அதனை அவன் கழுத்துக்கு மாற்றலாம். இலங்கையின் ஆங்கிலக் கல்லூரிகளில் சிங்களமோ தமிழோ பேசியதற்காகத் தண்டம் செலுத்தியோரின் நினைவுகள் பல நூல்களிலே பதிவாகியுள்ளன. இரண்டும் ஒரே உபாயம்.

அதே 1883இல், பொன்ஜீன் ஆண்டகை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த ஆண்டில், பாரிசில் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவப்பட்டது. குடியேற்ற நாடுகளிலும் பிறநாடுகளிலும் பிரெஞ்சைப் பரப்புதல் அதன் நோக்கம். உள்நாட்டிலே துறவற சபைகளைப் பள்ளிகளிலிருந்து விரட்டிய குடியரசு, வெளிநாட்டில் அதே சபைகளைப் பிரெஞ்சு மொழியின் தூதராகக் கருதி உதவியது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சிலே துறவற சபையினர் கற்பிப்பதைத் தடைசெய்தபோது தெ லா சால் சகோதரர் பலர் கடல் கடந்தனர். இவ்வளவு பெரும் அலை உலகெங்கும் பரவியும் கொட்டாஞ்சேனையின் கீழ்வகுப்புகளை அது நனைக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த மக்களின் நிலையிலிருந்து நோக்கினால் வேறொரு காட்சி தென்படும். பரதவர், கொழும்புச் செட்டிகள், தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் என இப்பகுதித் தமிழ் பேசுவோர் பல திறத்தினர். கல்லூரிக் கட்டணம் செலுத்த வல்லோர் ஆங்கிலத்தைப் பெற்றனர். அது இயலாதோரின் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றனர். இவ்விரு சாராரையும் பிரித்த சுவர் மொழியினாற் கட்டப்பட்டது. அதன் அத்திவாரம் பணம். 1897 ஜனவரியிற் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கியதன் பின், 1902இல் எழுந்த விவேகானந்த சபை இதே கொட்டாஞ்சேனையிலே சைவச் சிறாருக்கு எனப் பள்ளி நடத்தத் தலைப்பட்டமை, சமயக் காரணத்தோடு இம்மொழிக் காரணத்தையும் உட்கொண்டதாகும். தேவாலயத்து மணியோசையும் கோவில் மணியோசையும் ஒருங்கே கேட்கும் அத்தெருக்களில், தமிழில் எழுத்தறிவு பெறுதல் ஏழைமையின் அடையாளமாகாது எனக் காட்டும் முயற்சி அது.

தெற்கே வெள்ளவத்தையின் வளர்ச்சி வேறு வகையினது. நெசவாலை அமைந்த ஊராகப் பெயர் பெற்ற அது, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணத்து அரச ஊழியரின் குடியிருப்பாக மாறியது. இவர்கள் ஆங்கிலக் கல்வியின் பயனை நேரிற் கண்டோர். வெள்ளவத்தைக்கு அயலே 1922இற் புனித பேதுரு கல்லூரி திறக்கப்பட்டது. அதனைத் திறந்தவர் புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபராயிருந்த லெ கொக் அடிகள்; தாவரவியல் அறிஞர்; பிரெஞ்சுக்காரர். இங்கும் கற்பித்தல் ஆங்கிலத்திலே நிகழ்ந்தது. பின்னர் இராமகிருஷ்ண மிஷனும் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் வெள்ளவத்தைக்குத் தமிழ் முகமொன்றை அளித்தன. ஆனால் அங்குள்ள நடுத்தரக் குடும்பத்தார் தமிழ்ச் சங்கக் கூட்டத்திற்குத் தாம் சென்று, பிள்ளையை ஆங்கிலக் கல்லூரிக்கு அனுப்பினர். இதிலே முரண்பாடு எதனையும் அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை.

1943ஆம் ஆண்டுக் கன்னங்கரா அறிக்கையும் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இச்சுவரை இடித்தன. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என விதிக்கப்பட்டது. ரேம்ஸ் நகரில் தெ லா சால் வற்புறுத்திய கொள்கை, அவருடைய சபையினர் நடத்திய கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் கீழ்வகுப்பை வந்தடைய இரண்டரை நூற்றாண்டு சென்றது. அதனைக் கொணர்ந்தது சபையன்று, அரசாங்கச் சட்டம். தாய்மொழிக் கல்வி 1950களில் மேல்வகுப்புகளுக்கும் விரிந்தது. 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டம் அதன் பொருளை மாற்றிற்று. தமிழ்க் குழந்தை தாய்மொழியிற் கற்பதற்கு உரிமை பெற்ற தசாப்தத்திலேயே அம்மொழிக்குரிய உத்தியோகக் கதவுகள் மூடப்பட்டமை இலங்கைக் கல்வி வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. கொழும்பிற் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. 1947இல் தோமஸ் கூரே ஆண்டகை முதல் இலங்கையர் பேராயரானதோடு பிரெஞ்சுத் தலைமையும் முடிவுற்றிருந்தது. கேம்பிரிட்ஜ் பரீட்சை போயிற்று. அதனோடு அணிகலனாயிருந்த பிரெஞ்சும் பெரும்பாலான வகுப்பறைகளை விட்டு நீங்கிற்று. 1954இல் தொடங்கிய கொழும்பு அலியான்ஸ் பிரான்சேசும் பல்கலைக்கழக நவீன மொழிப் பிரிவுகளும் உயர்தரப் பரீட்சையும் அதனை வளர்ந்தோருக்கான ஒரு மொழியாகப் பேணின. கொட்டாஞ்சேனையில் எஞ்சியது, தமிழ் நாவுக்கு இசைந்த உருவிற் பொன்ஜீன் வீதி என்னும் பெயர்.

கதை இவ்விடத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் ஆட்சியாளரும் மிஷனரியும் கொணராத பிரெஞ்சைத் தமிழ்க் குழந்தையின் வாயில் வைத்தது வேறொரு வரலாறு. 1970களின் இறுதியிலும், சிறப்பாக 1983 ஜூலையின் பின்னரும், வடகிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வெளியேறிய தமிழரிற் பல்லாயிரவர் பிரான்சிற் புகலடைந்தனர். பாரிசின் லா சப்பல் பகுதி தமிழ்க் கடைத்தெருவாயிற்று. இன்னும் பலர் சுவிற்சர்லாந்தின் பிரெஞ்சு மாநிலங்களுக்கும் கனடாவின் மொன்றியலுக்கும் சென்றனர். மொன்றியலிற் புகுந்தோர், 1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டத்தால், தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்பக் கடமைப்பட்டனர். வெள்ளவத்தை அக்காலத்தில் ஒரு காத்திருப்பு மண்டபமாக மாறியது. காலி வீதியின் இருமருங்கும் உள்ள ஒழுங்கைகளில், விடுதிகளிலும் வாடகை அறைகளிலும், விசாவை எதிர்நோக்கிய தாயும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் தங்கினர். தந்தை பாரிசில் உணவகமொன்றிற் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். இத்தகைய குடும்பங்களுக்காகவே வெள்ளவத்தையிற் பிரெஞ்சு, ஜேர்மன் வகுப்புகளின் விளம்பரப் பலகைகள் தோன்றின. இலங்கை வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சுக்குக் கூலி கொடுப்பார் உண்டாயினர் எனலாம். அவர்கள் இங்கு இல்லை என்பதே வேறுபாடு.

பிரான்சின் 2007 நவம்பர்ச் சட்டம் குடும்ப மீளிணைவுக்கு விண்ணப்பிப்போரின் பிரெஞ்சறிவைப் புறப்படுமுன்னரே சோதிக்க விதித்தது. அச்சோதனை 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது. ஆகவே வகுப்புக்குச் செல்லும் கடமை தாய்க்கே இருந்தது. சட்டம் குழந்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை. 2016இல் அம்முறை நீக்கப்பட்டது. எனினும் மடியிலோ அருகிலோ அமர்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளையே, தாய் மனனஞ் செய்யத் திணறும் சொல்லை முதலிற் பிடித்துக்கொள்ளும் என்பதை மொழியாசிரியர் எவரும் அறிவர்.

அப்பிள்ளை எதிர்கொள்ளும் இடர்கள் அற்பமானவையல்ல. தமிழ் நெடுங்கணக்கை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை, எழுதப்பட்ட எழுத்து ஒலிக்கப்படும் என எதிர்பார்க்கின்றது. பிரெஞ்சிலோ சொல்லின் இறுதி மெய்கள் பெரும்பாலும் ஊமையாய் நிற்கும். மூக்கொலி உயிர்கள் தமிழர் செவிக்கு ஒன்றுபோலவே கேட்கும். பாற்பாகுபாடு இன்னும் கடினமானது. உயர்திணைக்கு மாத்திரமே ஆண்பால் பெண்பால் கொண்ட மொழியினர்க்கு, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றல் வேடிக்கையாகவே தோன்றும். பகுத்தறிவின் வழி வகுத்த திணைப்பாகுபாட்டின் சிறப்பை இலக்கண ஆசிரியர் விளக்குவதிலும் பார்க்க இப்பிள்ளையின் திகைப்பு நன்கு விளக்கும். எண்களும் அவ்வாறே. பிரான்சில் எழுபது என்பது 'அறுபதும் பத்தும்'; எண்பது 'நான்கு இருபது'; தொண்ணூறு 'நான்கு இருபதும் பத்தும்'. லோசான் நகருக்குச் செல்லும் பிள்ளைக்கு இத்தொல்லை இல்லை. சுவிற்சர்லாந்தவர் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொற்கள் வழங்குவர். தந்தை எந்த நகரிற் புகலடைந்தார் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் வாய்பாடு மாறுகின்றது. தொண்ணூறு என்னும் நம் சொல்லும் ஒன்பதைப் பத்தாற் பெருக்கும் நேர்வழியில் அமையாது விலகி நிற்பதால், தமிழ்ப் பிள்ளை இதற்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இன்று கொழும்பின் அரச பாடசாலைகளில் முதலாம் தரப் பிள்ளைக்கு வாய்மொழியாக ஆங்கிலமும், மூன்றாம் தரத்திலிருந்து முறையான ஆங்கிலப் பாடமும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஆறாம் தரத்திலிருந்து ஆங்கில மொழிமூலமும் சில பாடசாலைகளில் மீண்டு வந்துள்ளது. கட்டணம் அறவிடும் சர்வதேசப் பாடசாலைகளிற் குழந்தை முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்திற் கற்கின்றது. 1945இல் இடிந்த சுவரின் கற்கள் மீண்டும் அடுக்கப்படுகின்றன. பிரெஞ்சு இவ்விரு வகைப் பள்ளிகளுக்கும் வெளியே, மாலை நேர வகுப்பிலே நிற்கின்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுச் சிறாருக்கெனப் பிரெஞ்சு அரசு வழங்கும் சான்றிதழ்ப் பரீட்சையும் இன்று உண்டு. வசதி படைத்தோர்க்கு அது மறுபடியும் அணிகலன். விசாவுக்குக் காத்திருப்போர்க்கு அது உடைமைப் பெட்டியில் வைக்கும் பொருள்களுள் ஒன்று.

அக்கரை சேர்ந்த பிள்ளை பிரான்சிற் புதிதாய் வந்தோர்க்குரிய சிறப்பு வகுப்பிற் சில காலம் இருந்து, பின்னர் ஏனையோரோடு சேர்கின்றது. பிரான்சிலேயே பிறந்த தம்பியோ மூன்று வயதில் மழலையர் பள்ளிக்குச் செல்கின்றான். 2019 முதல் அது கட்டாயம். வீட்டிற்கு வந்ததும் அக்காவும் தம்பியும் தம்முட் பிரெஞ்சிலே பேசுகின்றனர். தாய் தமிழிற் கேட்க, அவர்கள் பிரெஞ்சில் விடை சொல்வர். வார இறுதியிலே தமிழ்ச்சோலைப் பள்ளியில் அரிச்சுவடி கற்பிக்கப்படுகின்றது. அங்கு கையாளப்பட வேண்டிய முறை தாய்மொழி கற்பித்தலா, இரண்டாம் மொழி கற்பித்தலா என்பது ஆசிரியரிடையே விவாதத்திற்குரியதாயுள்ளது. ரியூனியன் தீவிற்கு 19ஆம் நூற்றாண்டிற் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களிடம் கோவிலும் காவடியும் தீமிதிப்பும் எஞ்ச, பேச்சுமொழி மறைந்தது. அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியிலே பிரெஞ்சை மட்டுமே கற்றனர். மொரிசியஸ் தீவிலே தமிழ் பள்ளிப் பாடமாக நிலைத்தது. ஆனால் வீட்டு மொழி கிரியோல் ஆயிற்று. பாரிசுப் பிள்ளை இவ்விரு வழிகளுள் எதிலும் இன்னும் முற்றாக இறங்கவில்லை. விடுமுறையில் வெள்ளவத்தைக்கு வரும்போது அது பாட்டியோடு பேசத் தமிழ்ச் சொற்களைத் தேடுகின்றது. பாட்டி கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்தில் ஆங்கிலத்திற் படித்தவராயின், இருவரும் சில வேளை பள்ளியிற் கற்ற ஆங்கிலத்திலே உரையாடிக்கொள்வர்.